மங்கலும் அறியாமையும்

1

காசோலையில் இருக்கும் கையெழுத்தும் கணக்கில் பதிவான மாதிரிக் கையெழுத்தும் ஒன்றா என்று பார்த்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. பத்து வருஷமாகச் செய்கிறேன். இந்த வேலையில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு பதில்களுக்கு மட்டுமே இடம் உண்டு. பார்க்கிற கண்ணுக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. அது 'ஏறக்குறைய' என்கிறது, 'இருக்கலாம்' என்கிறது, சில நாட்களில் 'நேற்றைக்கு இன்று பரவாயில்லை' என்றுகூடச் சொல்கிறது. கண் சொல்வதற்கும் கட்டம் கேட்பதற்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் குமாஸ்தா என்று பெயர்.

சென்ற வருஷம் ஒரு ஓய்வூதியக்காரரின் காசோலையைத் திருப்பி அனுப்பினோம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் எழுதியது. கணக்குத் துவங்கிய காலத்தில் போட்ட கையெழுத்து பள்ளிக்கூட ஆசிரியரின் நிதானத்தோடு ஒரே சாய்வில் இருந்தது. காசோலையில் இருந்தது குலைந்து கிடந்தது. முதல் எழுத்தின் சுழி ஒன்றுதான். கடைசியில் இழுத்த அடிக்கோடும் ஒன்றுதான். இடையில் இருந்தவை எதுவும் எதையும் ஒத்திருக்கவில்லை. அந்நேரம் யாராவது கேட்டிருந்தால், 'நூற்றுக்கு அறுபது அவருடையதுதான்' என்று சொல்லியிருப்பேன். அறுபதுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. நான் ஐயத்தைக் குறித்தேன். மேலே இருந்தவர் அதை அப்படியே ஏற்றார். 'கையெழுத்து வேறுபடுகிறது' என்ற காரணத்தோடு காசோலை திரும்பிப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். சண்டை போடவில்லை. ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, என் எதிரில் உட்கார்ந்து நான்கு முறை கையெழுத்திட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான்கில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. தாளை என் பக்கம் திருப்பி, "இதுல எது சார் என் கையெழுத்து?" என்றார். ஏளனம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எழுதுவதுதான் இது. வழி கொஞ்சம் சுற்று. அறுபது சதவீதம் என்று என் மனம் சொன்ன எண்ணின் அர்த்தம் என்ன என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க, அப்படிப்பட்ட எண்களுக்குத் தர்க்கத்தில் முதன்முதலாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவரிடம் போக வேண்டும்.

2

லோட்ஃபி ஸாதே 1921இல் பாகூவில் பிறந்தார். தகப்பனார் ஈரானியர், தாயார் ருஷ்ய யூதர். தெஹ்ரானில் படித்து, அமெரிக்கா சென்று, பெர்க்லியில் மின்பொறியியல் கற்பித்தார். 2017இல் காலமானார். ஒரே ஒரு வகைக்குள் அடங்காத வாழ்க்கை. அவருடைய சிந்தனைக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. வாழ்க்கை வரலாற்றிலிருந்து கருத்தைக் கறந்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் விமர்சனத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

1965இல் வெளியான 'ஃபஸ்ஸி செட்ஸ்' என்ற கட்டுரையில் அவர் சொன்னது எளியது. பள்ளிக்கூடக் கணிதத்தில் ஒரு பொருள் ஒரு கணத்தில் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஸாதே இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள எல்லா எண்களையும் அனுமதித்தார். ஒரு மனிதன் 'உயரமானவர்கள்' என்ற கணத்தில் 0.6 அளவுக்கு உறுப்பினனாக இருக்கலாம். அப்படியானால் 'உயரமல்லாதவர்கள்' என்ற கணத்தில் அவன் 0.4. 'இதுவும் அதுவும்' என்பதற்கு இரண்டில் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஆக, அவன் உயரமானவனாகவும் உயரமல்லாதவனாகவும் இருப்பது 0.4 அளவுக்கு உண்மை. அரிஸ்டாடிலின் தர்க்கத்தில் இது சுத்தப் பூஜ்யம். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக வாசலில் நிறுத்தி வைத்திருந்த முரண்பாட்டை ஸாதே உள்ளே அழைத்து, ஓர் எண்ணும் கொடுத்து உட்காரவைத்தார்.

நெற்குவியல் புதிர் பழசு. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபுலிடீஸின் பெயரால் வழங்குகிறது. குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால், எந்த மணியை எடுத்தபோது அது குவியல் இல்லாமல் போயிற்று? இது சொல்லின் கோளாறு என்றார் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 1923இல். மங்கல் என்பது நம் மொழிக்கும் அறிவுக்கும் மட்டுமே பொருந்தும், உலகத்தில் உள்ள பொருட்கள் மங்கலாகவும் இல்லை துல்லியமாகவும் இல்லை, அவை இருக்கின்றன, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பிற்பாடு, 1994இல், டிமதி வில்லியம்ஸன் இன்னும் ஒரு படி போனார். குவியலுக்கு நிச்சயமான எல்லை உண்டு, ஒரு குறிப்பிட்ட மணியில்தான் அது முடிகிறது, அந்த மணி எது என்று நம்மால் அறிய முடியாது, அதுதான் விஷயம் என்றார். எல்லா மங்கலும் அறியாமையே என்பது இதன் சாரம்.

ஸாதே இதற்கு மறுபக்கத்தில் நின்றார். தன் 0.6 நிகழ்தகவு அல்ல என்று முதல் கட்டுரையிலேயே வற்புறுத்தினார். அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர் காட்டும் உதாரணங்களில் நட்சத்திர மீனும் பாக்டீரியாவும் உண்டு. நாயும் குதிரையும் மிருகம் என்பதில் யாருக்கும் தகராறில்லை. இவற்றை எங்கே வைப்பது? மங்கல் தர்க்கம் உயிரினங்களைப் பற்றிய ஒரு தயக்கத்தோடுதான் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை கொடுத்த இலக்கணம் நம்முடையது, இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்று சொல்லக்கூடும். அரை மாத்திரை ஒலியின் நீளத்தை அளக்கிறது. ஒரு வகையில் எவ்வளவு சேர்த்தி என்பதை அது அளக்கவில்லை. சமணர்களின் ஸியாத்வாதத்தையும் கூப்பிடுவார்கள். புள்ளியியலின் தர்க்க அடிப்படையை அதில் கண்டதாக மஹலனோபிஸ் 1954இல் எழுதியிருக்கிறார். ஆனால் 'ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை' என்பது வேறு. ஒரே நோக்கில் நின்றுகொண்டு 'பாதி உண்டு' என்பது வேறு. நமக்கு முன்னோர் பெருமை வேண்டுமானால் வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம்.

3

1935இல் எட்கர் ஆண்டர்ஸன் என்ற தாவரவியலாளர், கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஐரிஸ் பூக்களை அளந்து எழுதினார். 1936இல் ரொனால்ட் ஃபிஷர் ஆண்டர்ஸனின் அளவுகளை எடுத்துக்கொண்டு, பல அளவுகளை ஒன்றுசேர்த்து இனங்களைப் பிரிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். மூன்று இனங்கள் — செடோஸா, வெர்ஸிகலர், விர்ஜினிகா. இனத்துக்கு 50 பூக்கள், மொத்தம் 150. பூவுக்கு நான்கே அளவுகள்: புல்லிதழின் நீளமும் அகலமும், அல்லிதழின் நீளமும் அகலமும். கணினியில் வகைப்படுத்தல் கற்கிற மாணவன் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இன்றும் இந்த 150 பூக்களைக் கடந்துதான் போகிறான். நேரில் ஒரு ஐரிஸைப் பார்த்திராதவர்கள் எத்தனையோ பேர் அவற்றின் அல்லிதழ் அகலத்தை அறிவார்கள்.

செடோஸா தனியாக ஒதுங்கி நிற்கிறது. மற்ற இரண்டும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. எந்தக் கோட்டைப் போட்டாலும் சில பூக்கள் தவறான பக்கம் விழும். ஜிம் பெஸ்டெக் 1981இல் நூலாக எழுதி நிலைநிறுத்திய மங்கல் தொகுப்பு முறை, கோடு போடுவதைக் கைவிட்டது. ஒவ்வொரு பூவும் மூன்று தொகுப்புகளிலும் உறுப்பினர். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு பூ வெர்ஸிகலரில் 0.6, விர்ஜினிகாவில் 0.4, செடோஸாவில் ஏறக்குறையப் பூஜ்யம் என்று விழலாம்.

ரஸ்ஸல் இருந்தால், பூவை விட்டுவிடு, உன் சொல்லைத் திருத்திக்கொள் என்பார். ஆனால் பூவின் கதை அத்தனை சுலபமாக விடுவதாயில்லை. வெர்ஸிகலர் என்பதே செடோஸாவும் விர்ஜினிகாவும் கலந்து, குரோமோசோம்கள் பெருகி உண்டான இனம் என்பது ஆண்டர்ஸனின் ஊகம். எண்ணிக்கை அதற்குச் சாட்சி சொல்கிறது: செடோஸாவுக்கு 38, விர்ஜினிகாவுக்கு 70, வெர்ஸிகலருக்கு 108. ஃபிஷரின் கட்டுரையும் இந்த ஊகத்தைத் தன் அளவுகளால் சோதித்துப் பார்க்கிறது. வெர்ஸிகலர் ஏன் விர்ஜினிகாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது. அது அதனிடமிருந்தே வந்தது. குரோமோசோம்களை எண்ணி முடித்த பிறகும், இந்த உறவு நீங்குவதில்லை. முழுவதும் தெரிந்துகொண்டதால்தான் அது உறுதியாயிற்று.

ஈஸ்டைப் பற்றி 2002இல் ஆட்ரி காஷும் மைக்கேல் ஐஸனும் செய்த வேலையும் இதே திசையில் போகிறது. ஈஸ்டின் மரபணு வரிசை 1996இல் முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. அதில் சுமார் ஆறாயிரம் மரபணுக்கள். சூடு, பட்டினி போன்ற வெவ்வேறு நெருக்கடிகளில் எந்தெந்த மரபணுக்கள் சேர்ந்து எழுகின்றன, சேர்ந்து அடங்குகின்றன என்று பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். பழைய முறை ஒரு மரபணுவுக்கு ஒரு குழுதான் தரும். ஆனால் ஒரே மரபணு ஒரு நெருக்கடியில் இந்தக் கூட்டத்தோடும் வேறொன்றில் அந்தக் கூட்டத்தோடும் வேலை செய்கிறது. இவர்கள் மங்கல் தொகுப்பைப் பயன்படுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் அதற்கு இடம் கொடுத்தார்கள். உத்தியோகம், சங்கம், குடும்பம் என்று ஒரே ஆள் மூன்று இடத்தில் முழு மனிதனாக இருப்பதை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே ரஸ்ஸலோடும் வில்லியம்ஸனோடும் வழக்காட எனக்கு ஒரு சோதனை போதும். 0.6 என்று ஓர் எண் நம் முன் இருக்கிறது. இன்னும் தகவல் வந்துகொண்டே இருந்தால் அது என்ன செய்யும்? 0வை நோக்கியோ 1ஐ நோக்கியோ ஓடிவிட்டால், அது நம் அறியாமையின் அளவு. எத்தனை தகவல் வந்தாலும் நடுவிலேயே நின்றால், அது பொருள் இருக்கும் விதம். முதலாவதை அறியாமை என்றும் இரண்டாவதை மங்கல் என்றும் சொல்வேன். பார்வைக்கு இரண்டும் ஒரே எண். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

4

மங்கல் தர்க்கம் முதலில் வெற்றி பெற்றது இயந்திரங்களிடம். 1970களின் நடுவில் லண்டனில் இப்ராஹிம் மம்தானி, ஒரு சிறு நீராவி இயந்திரத்தை வார்த்தைகளால் ஆன விதிகளைக் கொண்டு ஓட்டிக் காட்டினார். 'அழுத்தம் கொஞ்சம் அதிகமானால் சூட்டைக் கொஞ்சம் குறை' என்ற ரகத்து விதிகள். 1987இல் ஜப்பானில் ஸெண்டாய் நகரத்துச் சுரங்க ரயில் இந்தத் தர்க்கத்தைக் கொண்டு ஓடத் தொடங்கியது. இங்கே எந்தத் தர்ம சங்கடமும் எழவில்லை. காரணம், பிரேக்கைக் 'கொஞ்சம்' அழுத்த முடியும். அறிவு எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கலாகச் செயலும் இருக்கலாம்.

சங்கடம், இதே தர்க்கம் மனிதர்கள் பேசியதையும் எழுதியதையும் தேடியதையும் தொட்டபோது ஆரம்பிக்கிறது. கல்கத்தாவில் மஹலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இந்த ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றது. அங்கே சங்கர் பாலும் த்விஜேஷ் தத்த மஜும்தாரும் 1977இல், மூன்று ஆண்கள் உச்சரித்த 871 தெலுங்கு உயிரொலிகளை எடுத்துக்கொண்டு, மங்கல் கணங்களால் இனம்காண முயன்றார்கள். அந்த ஒலிகளின் அதிர்வெண்களைப் புள்ளிகளாக வைத்தால் 'எ'யும் 'இ'யும், 'ஒ'வும் 'உ'வும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நிற்கின்றன. ஒரு புள்ளி 'எ'யில் 0.6, 'இ'யில் 0.4.

இது எந்த வகை? ஒலியைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எத்தனை முறை அளந்தாலும் அங்கேயே இருக்கும். அது மங்கல். உச்சரித்தவனைக் கேட்டால், அவன் சொல்ல நினைத்தது ஒரே ஓர் எழுத்து. அவனிடம் விசாரித்தால் 0.6 என்பது 1 ஆகிவிடும் அல்லது 0 ஆகிவிடும். அது அறியாமை. ஒரே ஒலி, இரண்டு கேள்விகள். ஒலிக்கு விழுந்த எண்ணை ஆளின்மேல் ஏற்றிவிட்டால், சொன்னவனே குழம்பிப் பேசினான் என்று தீர்ப்பாகிவிடும். அவன் குழம்பவில்லை. நமக்குக் கேட்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஸாதே, மங்கல் தர்க்கத்தையும் நரம்பு வலைகளையும் மரபணு வழி நிரல்களையும் நிகழ்தகவு முறைகளையும் ஒன்றாகச் சேர்த்து 'சாஃப்ட் கம்ப்யூட்டிங்' என்று பெயரிட்டார். மென்கணிப்பு எனலாம். துல்லியமின்மை, நிச்சயமின்மை, பகுதி உண்மை — இவற்றைப் பொறுத்துக்கொண்டு, மலிவாகவும் முறியாமலும் விடை காண்பது அதன் கொள்கை. மூன்றையும் ஸாதே தனித்தனியாகத்தான் பெயர் சொல்லி வைத்தார். ஆனால் ஒரே உலையில் போட்ட பிறகு வெளியே வருவது ஓர் எண். அதில் எவ்வளவு பொருளின் மங்கல், எவ்வளவு நம் அறியாமை என்று எண்ணின் முகத்தில் எழுதியிருப்பதில்லை.

இணையத்தை இந்த முறைகளால் தோண்டுவது பற்றிச் சங்கர் பாலும் வருண் தல்வாரும் பவித்ர மித்ராவும் 2002இல் விரிவாக எழுதினார்கள். அதற்கு முந்திய வருஷம் ரகு கிருஷ்ணபுரமும் அவருடைய சகாக்களும் இணையத்தில் வந்து போகிறவர்களின் தடங்களை மங்கல் தொகுப்புகளாகப் பிரிக்கும் முறைகளை வெளியிட்டார்கள். ஒரு வாசகன் ஒரே சமயத்தில் பல கூட்டங்களில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அளவில் இது மரியாதையான காரியம்.

ஆனால் பாருங்கள்: ஒருவன் 'ஆறு' என்று தேடுகிறான். நதியா, எண்ணா, மனம் ஆறுவதா? தேடியவனுக்கு ஐயமே இல்லை. ஐயம் முழுதும் இயந்திரத்துடையது. இது அறியாமை. வந்து சேர்ந்த பக்கம் ஒன்று நதியைப் பற்றியும் துக்கத்தைப் பற்றியும் ஒருசேரப் பேசுகிறது. அது எவ்வளவு தூரம் நதியைப் பற்றியது என்பதை எழுதியவனைக் கேட்டாலும் தீராது. இது மங்கல். இரண்டுக்கும் தேடுபொறி ஒரே வகை மதிப்பெண்ணைப் போட்டு ஒரே வரிசையில் அடுக்குகிறது. தேடலில் இதனால் பெரிய நஷ்டமில்லை. அடுத்த பக்கத்துக்குப் போகலாம். கடன் கேட்பவனுக்கும், மோசடி என்று சந்தேகிக்கப்படும் அட்டைக்கும் மதிப்பெண் போடும் நிரல்கள் உண்டு. அங்கே அடுத்த பக்கம் கிடையாது. 'இவனைப் பற்றி எங்களுக்குப் போதுமான அளவு தெரியாது' என்பது, 'இவன் 0.7 அளவுக்குச் சந்தேகத்துக்குரியவன்' என்று மொழிபெயர்க்கப்படுகிறது. எழுவாய் மாறிவிட்டது. அறியாமை 'எங்களிடம்' இருந்தது. சந்தேகம் 'அவனிடம்' போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பெஸ்டெக்கின் முறையில் ஒரு பொருளின் பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். ஐரிஸ் பூக்களின் நடுவே, மூன்று தொகுப்புகளின் மையங்களுக்கும் சம தூரத்தில் வெகு தொலைவில், சம்பந்தமே இல்லாத ஒரு பூவை வைத்தால் அதற்கும் 0.33, 0.33, 0.33 என்று பங்கு விழும். மூன்றிலும் சமமாகக் கலந்து நிற்கும் பூவுக்கும் அதே எண்கள்தான். எங்கும் சேர்ந்ததும் எங்கும் சேராததும் ஒன்றாகிவிட்டன. கிருஷ்ணபுரமும் ஜேம்ஸ் கெல்லரும் 1993இல் இந்தக் கட்டாயத்தை நீக்கி, 'இவற்றில் எதிலும் இல்லை' என்று சொல்ல இடம் கொடுக்கும் மாற்று முறையை வைத்தார்கள். கணிதத்தில் சிறு திருத்தம். என் வாசிப்பில் அது ஒரு தர்ம நியாயம். உன் வகைகளில் இல்லாதவனை உன் வகைகளுக்குள் பங்குபோட உனக்கு உரிமையில்லை.

5

நம் வட்டத்தில் மங்கலுக்கு நல்ல பெயர் உண்டு. கறுப்பு வெள்ளை முரட்டுத்தனம், சாம்பல் நிறமே மனிதாபிமானம் என்று ஒரு நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஃபிஷரின் கட்டுரை எங்கே வெளியாயிற்று என்று பார்த்தபோது அது கலைந்தது. 'ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்' — மனித இனத்தைப் பொறுக்கி மேம்படுத்தும் 'விஞ்ஞானத்தின்' ஏடு. 1954இல்தான் பெயர் மாற்றிக்கொண்டது. பூக்களைப் பிரிக்கும் கணிதம் அங்கே வந்தது யதேச்சையல்ல. ஃபிஷர் 1933 முதல் லண்டனில் அத்துறையின் பேராசிரியராக இருந்தார்.

அந்தக் கட்டுரைக்கு முந்திய வருஷம், 1935 நவம்பரில், ஜெர்மனியில் நூரெம்பெர்க் சட்டங்களுக்கு ஒரு விதி சேர்க்கப்பட்டது. தாத்தா பாட்டிகள் நால்வரில் மூவரோ நால்வருமோ யூதராக இருந்தால் நீ யூதன். இருவர் என்றால் முதல் தரக் கலப்பு. ஒருவர் என்றால் இரண்டாம் தரக் கலப்பு. இதுவும் தரவரிசை கொண்ட உறுப்பினர்மைதான். 0, 0.25, 0.5 என்று எழுதிவிடலாம். கோடு மட்டும் கொலை செய்வதில்லை, பின்னமும் செய்யும். ஒருவனை 'முழுதும் இல்லை' என்று சொல்வதை விட 'கால் பங்கு' என்று சொல்வது எவ்விதத்திலும் கருணையானது அல்ல. கால் பங்கு என்று எழுதியவன், முழு மனிதனின் அளவுகோல் தன் கையில் இருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டான்.

ஆகவே கேள்வி 0, 1 என்ற இரண்டு எண்களா, இடையில் உள்ள எண்ணற்ற எண்களா என்பதல்ல. எண்ணை எழுதுகிறவன் அது எதன் எண் என்று சொல்கிறானா, யார் பெயரில் எழுதுகிறான் என்பதுதான். மங்கல் தர்க்கத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. மங்கலான விடைகளெல்லாம் வந்து சேர்ந்தபின், செயல்படுவதற்காக அவற்றை ஒரே தீர்மானமாக்கும் கடைசிப் படி ஒன்று உண்டு. எத்தனை மென்மையான கணிப்பும் அங்கே வந்து வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டு ஒழியவில்லை. தள்ளிப்போயிருக்கிறது. தள்ளிப்போன இடத்தில் யாரும் நிற்பதாகத் தெரிவதில்லை என்பதுதான் புதுசு.

விமர்சகர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் தொழிலிலும் இதே வெட்டு, இதே தள்ளிப்போடல். வில்லியம் எம்ப்ஸன் 1930இல் கவிதையின் பலபொருட்தன்மையை ஏழு வகையாகப் பிரித்து எழுதியபோது, அவர் பேசியது கவிதையிலேயே இருக்கும் மங்கலைப் பற்றி. எத்தனை முறை படித்தாலும் ஒரு வரி இரண்டு பக்கமும் இழுத்து நின்றால், அது அந்த வரியின் பலம். அந்தப் புத்தகத்தைப் படித்த தலைமுறைகள் அதிலிருந்து வசதியான ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டன. படித்தவனுக்குப் பிடிபடாததையெல்லாம் கவிதையின் கணக்கில் எழுதிவிடலாம். 'இக்கவிதை அர்த்தத்தின் விளிம்பில் தடுமாறுகிறது' என்று ஒருவர் எழுதினால், தடுமாறியது யார் என்று நான் இப்போது கேட்கிறேன். மறுமுறை படித்திருந்தால் தீர்ந்திருக்குமா? ஓர் அகராதியைப் புரட்டியிருந்தால்? அந்தக் கவிஞனின் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விசாரித்திருந்தால்? தீர்ந்திருக்கும் என்றால் அது விமர்சகனின் அறியாமை. அதை அவன் தன் பெயரில்தான் எழுத வேண்டும். நானே இதழ்களில் எழுதிய மதிப்புரைகளில் இரண்டையாவது இப்படித் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

6

ஓய்வூதியக்காரரின் தாளுக்குத் திரும்புகிறேன். அவர் கேட்டது 'எது என் கையெழுத்து' என்று. இப்போது பார்க்கும்போது அதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. அவருடைய கையெழுத்தின் வடிவம் உண்மையாகவே மங்கிவிட்டது. அது இனி ஒரு வடிவம் அல்ல, ஒரு கூட்டம். அந்த நான்கும், காசோலையில் இருந்த ஐந்தாவதும், வெவ்வேறு அளவில் அதன் உறுப்பினர்கள். எத்தனை தாள் கொடுத்தாலும் அந்தக் கூட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்காது. இது அவர் இருக்கும் விதம். முதுமை இப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் காசோலையில் கையெழுத்திட்டது அவரா இல்லையா என்பதில் மங்கல் ஏதும் இல்லை. அவர்தான் போட்டார், அல்லது போடவில்லை. அதில் 0.6 என்பது என்னுடையது. அவருடைய தொலைபேசி எண் கணக்கிலேயே இருந்தது. ஒரு முறை கூப்பிட்டிருந்தால் 0.6 என்பது 1 ஆகியிருக்கும். நேரம் இருக்கவில்லை, காசோலைகள் குவிந்திருந்தன என்பதெல்லாம் உண்மை. தெரியாமல் இருந்ததைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று எழுதினோமே, அந்த வாக்கியத்தில் எழுவாய் கையெழுத்து. 'எனக்கு நிச்சயமில்லை, நான் விசாரிக்கவும் இல்லை' என்று எழுத அந்தப் படிவத்தில் காரண எண் கிடையாது. என் அறியாமையை அவர் கையின் குணமாக எழுதிக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்.

நிரல்களுக்கும் இதுதான் நேரும். நேர்ந்துகொண்டிருக்கிறது. நாளை ஏதாவது ஒரு மென்கணிப்பு என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைவிட நுட்பமாகச் சுழியையும் அடிக்கோட்டையும் அளந்து, 0.6137 என்று சொல்லும். நான்கு தசம ஸ்தானம். அந்த எண் எதன் எண் என்று அதற்கும் தெரியாது. அதைக் கேட்க வேண்டியவர்கள், எண்ணைப் படிக்கும் பக்கத்தில் இருக்கும் நாம்.

அன்று நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. புது மாதிரிக் கையெழுத்துக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். "இதுல போடுங்க ஐயா" என்றேன். மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் வெவ்வேறு விதமாகப் போட்டார். அதைச் சரிபார்த்ததாகக் கீழே கையெழுத்திட வேண்டியவன் நான். போட்டேன். என்னுடையதும் மாதிரியில் உள்ளதைப்போல் அவ்வளவு சரியாக வரவில்லை.